மூன்று பேரைக் கொடுத்து வாங்கிய ரைடர்

அரிசி ஆலை முதலாளி மாசிலாமணிக்குக் கபடி அணி இன்னொரு மீசை. பாடிப் போவதில் பேர்பெற்ற ரைடர் ஒருவனுக்காகத் தன் பிடியாட்டக்காரர்கள் மூன்று பேரையும் பக்கத்து ஊர் அணிக்குத் தூக்கிக் கொடுத்தார்.

"வேண்டாம்ங்க" என்றான், கபடிக் களத்தில் மண் கொத்தும் சடையன்.

"மண்ணு கொத்துறவனுக்கு ஆட்டத்தப் பத்தி என்னடா தெரியும்?"

இறுதிப்போட்டியில் அந்தப் பக்கத்து ஊரே எதிரணி. முதல் முறை பாடிப் போனதுமே ரைடர் பிடிபட்டு வெளியே வந்து உட்கார்ந்தான்.

"டேய் சடையா, அவனை உள்ள போகச் சொல்லுடா!"

"எதிராளி ஒருத்தன் அவுட்டானாத்தான் இவரு உள்ள போகலாம் முதலாளி."

"அப்ப எவனையாவது பிடிங்கடா!"

"பிடிக்கிற மூணு பேரும் அந்தப் பக்கம்ல நிக்கிறாங்க. இப்ப இவரப் பிடிச்சதே அவங்கதானே!"

கூட்டம் சிரித்தது. கோப்பை போனது. மறுநாள் முதலாளி வேலையை விட்டு நிறுத்தியது சடையனைத்தான்.