யார் யார் என்ன வாங்கினார்கள்?

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு சட்டம். அதுதான் அவன் ஆட்சி. ஒருநாள், ஜனங்கள் கடைத்தெருவில் என்னதான் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசை வந்தது.

கருவூல அதிகாரி வீரபுசங்கர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பிரபு, யார் என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று கடைக்காரர்கள் ஓலையில் எழுதி என்னிடம் தரட்டும். ஒழுங்காக இருப்பவர்களுக்கு இதில் என்ன பயம்?"

மறுநாளே பறையறைந்தார்கள்.

நாட்டுமருந்துக் கடை உலகம்மையும் பயந்துகொண்டு எழுதிக் கொடுத்தாள். நெசவாளி குமரேசன் தன் மகளுக்கு வலிப்பு மருந்து வாங்கியதும் அந்த ஓலையில் போனது. பத்தே நாளில் சங்கதி சம்பந்தி வீட்டுக்கு எட்டி, அவளுக்கு நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றது. அதிகாரியின் கணக்கப்பிள்ளை ஓலைகளைக் காசுக்கு வாசித்துக் காட்டுகிறான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. குமரேசன் கடைவாசலுக்கு வந்து, "நீயா எழுதிக் கொடுத்தாய்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு உலகம்மை ஓலை தரவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"ஏன் ஓலை தரவில்லை?" என்றான் ராஜா.

"கையோடு கொண்டுவந்திருக்கிறேன், மகாராஜா. அரண்மனைக்கு வாங்கிய மருந்தாயிற்றே, கணக்கப்பிள்ளையிடம் கொடுக்க மனசு வரவில்லை." மடியிலிருந்து ஒரு ஓலைச்சுருளை எடுத்தாள். "வேலையாளை அனுப்பினாலும், யாருக்கு, என்ன உபாதை என்று கேட்டுத்தானே மருந்து கொடுக்கிறோம்? அதிகாரி ஐயாவுக்கு வாங்கியதை முதலில் வாசிக்கட்டுமா?"

வீரபுசங்கரின் முகம் வெளிறியது. "பிரபு, பெரியவர்கள் இருக்கிற சபை இது."

ராஜாவுக்கு ஒரே குஷி. "ஒழுங்காக இருப்பவர்களுக்கு என்ன பயம் என்றீரே?"

"அது ஜனங்களுக்குச் சொன்னது, பிரபு."

சபையே சிரித்தது. உலகம்மை மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா சங்கடப்படுகிறார். அப்படியானால் பதவி வரிசைப்படி மகாராஜாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்" என்று சுருளைப் பிரித்தாள்.

ராஜாவின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் அமர்ந்திருந்த மகாராணி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் விறுவிறுவென்று படியிறங்கி வந்து ஓலையைப் பிடுங்கினான். முன்னும் பின்னும் புரட்டினான். ஒரு எழுத்துக்கூட இல்லை.

"இதில் ஒன்றுமே இல்லையே?"

"உங்கள் உடம்புச் சங்கதியை எழுத எனக்கு என்ன உரிமை, மகாராஜா? குமரேசன் மகளுடையதையும் எழுதியிருக்கக் கூடாது. அது என் தப்பு."

ராஜா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "சரி, ஓலைகளை என் அறையில் பூட்டிவைத்தால்?"

"சாவி உங்களிடம் இருக்கும். சங்கதி அவர்களுடையதாயிற்றே. வாங்கியவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். எரிப்பதும் வைத்துக்கொள்வதும் அவர்கள் இஷ்டம்."

அன்றே சட்டம் ரத்தானது. கணக்கப்பிள்ளை சிறைக்குப் போனான். வீரபுசங்கர் ஓலைக்கூடையைத் தலையில் சுமந்து, உச்சிவெயிலில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். குமரேசன் மகள் தன் ஓலையை வாங்கி, அவர் கண்ணெதிரே அடுப்பில் போட்டாள். சம்பந்தி வீட்டார் மறுபடி பெண்கேட்டு வந்தபோது, வேண்டாம் என்று அவளே சொல்லி அனுப்பினாள்.

ராஜா உலகம்மைக்கு நூறு பொன் பரிசளித்தான். பொன்முடிப்பை நீட்டியவன் வாய் சும்மா இராமல், "இதில் என்ன வாங்கப்போகிறாய்?" என்றான்.

"அதைக் கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், மகாராஜா" என்றாள் உலகம்மை.