சடைச்சி தேடிய பின்வாசல்

மூங்கில் காட்டில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். பாறை மேட்டில் இருந்த அதன் வளை உறுதியானதுதான். ஆனால் கிழங்கு தோண்ட ஓடைக்கரை வரை போக வேண்டும். குட்டிகளைத் தனியே விட்டுவிட்டுத் தினமும் அவ்வளவு தூரம் நடப்பது சடைச்சிக்குப் பயமாக இருந்தது.

காட்டில் வளை மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்குப் பவளம் என்ற மைனாதான் தரகர். ஒரு நாள் அது மரத்துக்கு மரம் பறந்து கூவியது.

"கேளுங்கள், கேளுங்கள்! ஓடைக்கரையில் அருமையான வளை! மூன்று அறை! மழைத் தண்ணீர் ஏறாது! ஆபத்து வந்தால் தப்பிக்கப் பின்வாசல் உண்டு! பாறை மேட்டில் வளை வைத்திருப்பவர் மாற்றிக்கொள்ளலாம்!"

சடைச்சியின் முட்கள் சிலிர்த்தன. "நமக்காகவே கூவுகிற மாதிரி இருக்கிறதே!" என்று ஓடைக்கரைக்கு ஓடியது.

அந்த வளையின் சொந்தக்காரர் காளப்பன் என்ற உடும்பு. "வாருங்கள் அக்கா, வாருங்கள்!" என்று வாய் நிறைய வரவேற்றது. முதல் அறையைக் காட்டியது. இரண்டாவது அறையைக் காட்டியது. மூன்றாவது அறையில் காய்ந்த சருகு கூரை முட்டக் குவிந்து கிடந்தது.

"பின்வாசல் எங்கே தம்பி?"

"அந்தச் சருகுக்குப் பின்னால்தான் அக்கா! ஈரக்காற்று அடிக்கிறதே என்று அடைத்து வைத்திருக்கிறேன். குடி வந்த பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள்!"

சடைச்சிக்குத் திருப்தி. அன்றே இருவரும் வளையை மாற்றிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் உச்சிவேளை. வாசலில் இரண்டு செந்நாய்கள் மோப்பம் பிடித்து உறுமின.

"ஓடுங்கள்! பின்வாசலுக்கு ஓடுங்கள்!" என்று குட்டிகளைத் துரத்திவிட்டுச் சடைச்சி முன்வாசலை முதுகால் அடைத்து நின்றது.

உள்ளேயிருந்து அழுகுரல் வந்தது. "அம்மா, சருகுக்குப் பின்னால் வாசலே இல்லை! வெறும் மண்தான் இருக்கிறது!"

சடைச்சி முட்களை விரித்தபடி அசையாமல் நின்றது. ஒரு செந்நாய் பாய்ந்தது. மூக்கில் நான்கு முட்கள் தைத்ததும் ஊளையிட்டுக்கொண்டு பின்வாங்கியது. வெகுநேரம் கழித்து இரண்டும் போய்விட்டன.

உயிர் பிழைத்தார்கள். ஆனால் சடைச்சிக்குத் தலை சுற்றியது. 'வாசல் இருக்கிறது என்றுதானே சொன்னான்? ஒருவேளை நான்தான் அறையை மாற்றி நினைத்துக்கொண்டேனோ?' மூன்று அறையின் சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்தது. முகர்ந்து பார்த்தது. குட்டிகளையும் தேடச் சொன்னது. எந்தப் பக்கம் தட்டினாலும் மண், மண், மண்!

மறுநாள் அது பாறை மேட்டுக்குப் போய்க் காளப்பனைக் கேட்டது.

"பின்வாசல் இருந்தது அக்கா! போன மழையில் சரிந்துவிட்டது. 'இருந்தது' என்றுதான் மைனாவிடம் சொன்னேன். அது 'உண்டு' என்று கூவிவிட்டது. நான் என்ன செய்வேன்?"

சடைச்சி மைனாவிடம் போனது.

"என் காதில் விழுந்ததைக் கூவினேன்! மண்ணுக்குள் புகுந்து பார்ப்பதா என் வேலை? வளையை மாற்றிக்கொண்டது நீங்கள் இரண்டு பேரும்தானே!" என்றது பவளம்.

வழியில் ஒரு முயல், "சருகை விலக்கிப் பார்க்காதது உன் தப்பு!" என்றது. "குடி போனபின் வழக்குப் போடவே முடியாது!" என்றது ஓர் அணில். "போடலாம், ஆனால் காளப்பன் மேலே போடுவதா, பவளத்தின் மேலே போடுவதா என்று தெரியாமல் போட்டால் தோற்றுவிடுவாய்!" என்றது கிளையில் இருந்த இன்னோர் அணில்.

சடைச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சொல்வதைக் கேட்டாலும் அதுவே சரி என்று பட்டது. அடுத்தவர் பேசியதும் இதுதான் சரி என்று பட்டது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாமல் கடைசியில் தன்மேலேயே கோபப்பட்டது.

'குழம்பிக்கொண்டே இருந்தால் செந்நாய் திரும்பி வந்துவிடும்' என்று நினைத்தபோதுதான் அதற்குத் துணிவு வந்தது. நேரே அத்திமரத்தடிக்குப் போனது. அங்கேதான் கரியப்பர் என்ற காட்டெருமை வழக்குக் கேட்கும்.

கரியப்பர் காளப்பனையும் பவளத்தையும் அழைத்து வரச் செய்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஒருவர் ஒருவராக! சடைச்சி, யார் தப்பு என்று என்னிடம் சொல்லாதே. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்," என்றார் கரியப்பர்.

சடைச்சி திக்கித் திக்கிச் சொன்னது. மைனா கூவியது, தான் பார்க்கப் போனது, பின்வாசல் எங்கே என்று கேட்டது, 'சருகுக்குப் பின்னால்தான்' என்று பதில் வந்தது.

"நில்! காளப்பா, அப்படிச் சொன்னாயா?"

காளப்பன் நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. "சொன்னேன்… ஆனால்…"

"அன்றைக்கு அங்கே வாசல் சரிந்து கிடந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்…"

"அப்படியானால் மைனாவின் காது மேல் ஏன் பழி போடுகிறாய்? நேரில் கேட்டவளிடம் நீயே இல்லாத வாசலை இருக்கிறது என்றாய். அவள் கண்ணில் படாமல் சருகைக் குவித்தாய். பார்க்க வந்தவளைப் பார்க்க விடாமல் செய்துவிட்டு, நீ ஏன் பார்க்கவில்லை என்று கேட்க யாருக்கும் வாயில்லை!"

பவளம் மெல்லச் சிறகை விரித்தது. "நீயும் நில்!" என்றார் கரியப்பர். "கண்ணால் பாராததைக் காடு முழுக்கக் கூவினாய். இனி பார்க்காத வளைக்கு நீ கூவக்கூடாது. இன்று இதே காடு முழுக்கப் பறந்து, 'அந்த வளையில் பின்வாசல் இல்லை, நான் தவறாகச் சொன்னேன்' என்று கூவிவிட்டு வா!"

பிறகு சடைச்சியைப் பார்த்தார். "உனக்கு இரண்டு வழி உண்டு. மாற்றியது செல்லாது என்று சொல்லி உன் பழைய வளையைத் திரும்பக் கேட்கலாம். இல்லையென்றால், சொன்ன வாசலைக் காளப்பனே வெட்டித் தர வேண்டும் என்று கேட்கலாம். எது வேண்டும்?"

"பழைய வளைதான்!" என்று சடைச்சி வாயெடுத்தது.

காளப்பன் தலை குனிந்தது. "அக்கா, அங்கே என் பெண்டாட்டி நேற்றுத்தான் முட்டையிட்டாள்."

சடைச்சி மறுபடியும் குழம்பியது. இவன் பேச்சை நம்பித்தானே குட்டிகளைப் பறிகொடுக்க இருந்தோம்? இவன் முட்டைகளுக்காக நாம் ஏன் யோசிக்க வேண்டும்? ஆனால் அந்த முட்டைகள் யாரிடமும் பொய் சொல்லவில்லையே!

"வாசலை வெட்டித் தரட்டும்," என்றது கடைசியில். "ஆனால் முடியும்வரை, மண் வெட்டாத நேரமெல்லாம் என் முன்வாசலில் இவன்தான் காவல். முடிந்ததா என்று இவன் சொல்லக்கூடாது, நான் சொல்வேன்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் கரியப்பர்.

காளப்பன் ஐந்து நாள் மண் வெட்டியது. நகங்கள் தேய்ந்தன. ஆறாம் நாள் காலை, "முடி…" என்று ஆரம்பித்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

சடைச்சி முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தது. நம்பிக்கை வராமல் மறுபடி நுழைந்து வந்தது. குட்டிகளை ஓடவிட்டுப் பார்த்தது. வெயிலில் வந்து விழுந்த குட்டிகள் சிரித்தன.

"இப்போது முடிந்தது!" என்றது சடைச்சி.

நம்மை நம்பி வீடு கேட்பவரிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்வது வஞ்சகம். அப்படி ஏமாந்தவர் தன்னையே நொந்துகொண்டிருக்காமல், நடந்ததை நடந்தபடி நியாயம் கேட்கும் இடத்தில் சொல்ல வேண்டும்.