மைனரைச் சுற்றி நாலு படல்

காத்தமுத்து கோஷ்டியைப் பற்றிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். முதலில் சிரித்து முடிப்பார்கள், அப்புறம்தான் பேச்சு வரும். நான் சிரிக்காமல் சொல்லப் பார்க்கிறேன். நீங்களும் முடிந்தவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோஷ்டியில் நாலு பேர். மூத்தவர் காத்தமுத்து. அவருக்கு அடுத்து பூவலிங்கம், நிறைகுளத்தான், கடைசியில் வழிவிட்டான். நாலு பேரும் இருபது வருஷம் ஆட்டுக்கிடை போட்டவர்கள். அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை அடைத்து வைத்தால் புழுக்கை மண்ணுக்கு உரமாகும். மறுநாள் சுற்றி வைத்த படல்களைப் பிடுங்கி அடுத்த இடத்தில் நட வேண்டும். படல் என்றால் குச்சியும் பனைமட்டையும் சேர்த்துக் கட்டிய ஆள் உயரத் தட்டி. அதை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆட்டுக்காரர் ஆடுகளை விற்றுவிட்டதும், நாலு பேரும் ஆளுக்கொரு படலோடு சிவகாமி டீச்சரின் கொய்யாத் தோப்புக்குக் காவலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

டீச்சர் தனி ஆள். அவருக்கு எல்லாமே மைனர்தான். மைனர் என்பது கோம்பை நாய், வயது ஒன்றரை. டீச்சர் சோறு பிசைந்தால் முதல் உருண்டை அதற்குத்தான். தோப்பைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. அந்த வேலியில் மனுஷர் கண்ணுக்குத் தெரியாத, மைனருக்கு மட்டும் தெரிந்த பதினாலு சந்துகளும் இருந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தவசிலிங்கத்தின் கோழிப்பண்ணை. வீடும் அதற்குள்தான்.

மூன்றாவது கோழி போன அன்று தவசிலிங்கம் கையில் இறக்கையோடு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, உங்க முகத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். இனி ஒரு தடவை இந்த நாய் கால் என் மண்ணுல பட்டுச்சு, வேன்ல ஏத்தி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

டீச்சர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்? கோழி செத்தது நிஜம்தானே.

அந்த நேரம் பார்த்தா டீச்சருக்கு மதுரையில் கண் ஆபரேஷன் வர வேண்டும்! எட்டு நாள் இருக்க மாட்டார். பஸ் ஏறும்போது நாலு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "கட்டிப் போடாதீங்கப்பா, சங்கிலி கழுத்தை அறுக்குது. அதைச் சுத்தி நாலு பக்கமும் வேலி இருக்கணும். சந்தே இருக்கக்கூடாது. என்ன ஆனாலும் வேலியைத் திறக்கக்கூடாது. மைனர் போயிருச்சுன்னா நான் கண்ணு தெரிஞ்சு என்னத்தைப் பாக்கப் போறேன்?"

பஸ் போனதும் நாலு பேரும் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மூணு ஏக்கரைச் சுத்தி வேலியை அடைக்கணும்னா மாசம் ஆகுமேண்ணே," என்றார் பூவலிங்கம்.

"டீச்சர் தோப்பைச் சுத்தியா சொன்னாங்க?" என்று கேட்டார் காத்தமுத்து. "நாயைச் சுத்தின்னுதானே சொன்னாங்க?"

இப்படி ஒரு மூளை நம்ம கோஷ்டியில் இருக்கிறதே என்று வழிவிட்டானுக்குக் கண் கலங்கியது.

வேலிக்கு உயரம் தெரிய வேண்டாமா? மைனரை அளக்கப் போனார்கள். விழித்திருக்கும்போது அது ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதனால் தூங்கும்போது அளந்தார்கள். ஒரு சாண் வந்தது. கைப்பிடி கூடுதலாக வைத்து ஒன்றேகால் சாண் உயரத்துக்கு ஓலையால் வேலி போட்டு முடித்தபோது மைனர் எழுந்து, சோம்பல் முறித்து, வேலியைத் தாண்டி வந்து காத்தமுத்துவின் மடியில் படுத்துக்கொண்டது.

"அரை மணி நேரத்துல எவ்வளவு வளர்ந்துருச்சு பாத்தியா!" என்றார் நிறைகுளத்தான். "இந்தக் கணக்குல போனா சாயங்காலம் மாடு உயரம் வந்துருமே."

"அப்ப ஆள் உயரப் படல்தான் சரி," என்றார் காத்தமுத்து.

நாலு படலையும் நாலு பக்கம் நட்டார்கள். மூலைகளை வெளியிலிருந்து கயிறு போட்டு இறுக்கினார்கள். நடுவில் மைனர். சோறும் தண்ணீரும் கயிற்றில் கட்டி மேலேயிருந்து இறக்கினார்கள். அதோடு விட்டிருந்தால் எட்டு நாளும் சுகமாகப் போயிருக்கும். யார் விட்டார்கள்?

மறுநாள் காலையில் பூவலிங்கம் ஆரம்பித்தார். "அண்ணே, கிடையை ஒரே இடத்துல ரெண்டாவது நாள் போடுறோமே, இது அடுக்குமா?"

"அடுக்காதுதான். தொழில்னு ஒண்ணு இருக்குல்ல?"

மூலைக் கயிற்றை அவிழ்க்காமலே, வெளியே நின்று ஆளுக்கொரு படலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நடுவில் மைனரும் வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. எவ்வளவு தூரம் மாற்றுவது? முந்நூறு ஆட்டுக் கிடையை எப்போதும் ஐம்பது தப்படி தள்ளித்தான் போடுவார்கள். நாய் ஒன்றே ஒன்று என்பதற்காகப் பழக்கத்தை மாற்ற முடியுமா? கிழக்கே பார்த்து ஐம்பது தப்படி வைத்து நட்டார்கள்.

நாலாம் நாள் தோப்பின் முள்கம்பி வேலி குறுக்கே வந்தது.

"வேலி போகுற வழியில வேலியா? எவன் வச்சான் இதை?" என்று காத்தமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

நாலு கல்தூணைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். ஐந்தாம் நாள் கணக்கு சரியாக நடுரோட்டில் வந்து நின்றது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து கெட்ட வார்த்தையில் விசாரித்தார். "கிடை நாளைக்குக் காலையிலதான் மாறும் சார்," என்று நிறைகுளத்தான் மரியாதையாகச் சொன்னார். பஸ் வாய்க்கால் வழியாக இறங்கி ஏறிப் போனது.

ஆறாம் நாள் காலையில் படலைத் தூக்கியபோதுதான் வழிவிட்டானுக்குப் பொறி தட்டியது.

"அண்ணே! இன்னும் ஐம்பது தப்படி வச்சா தவசியண்ணன் பண்ணை! நாய் கால் அவர் மண்ணுல பட்டா மைனரைக் கொண்டுபோயிருவாரே!"

படலைத் தூக்கிய கையோடு நின்றபடியே யோசித்தார்கள். திரும்பிப் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கிடை திரும்பிப் போய் அவர்கள் பார்த்ததில்லை.

கடைசியில் காத்தமுத்து தெளிந்தார். "கால்தானே அவர் மண்ணுல படக்கூடாது? நம்ம மண்ணுல படலாம்ல?"

அவ்வளவுதான். படலை இறக்கி வைத்துவிட்டுத் தோப்புக்கு ஓடினார்கள். கூடை கூடையாக டீச்சர் மண்ணைச் சுமந்து வந்து தவசிலிங்கத்தின் பண்ணை வாசலில் கொட்டிப் பரப்பினார்கள். பண்ணை எல்லையிலிருந்து அதுவரைக்கும் மைனர் நடக்கப் பாதையும் போட்டார்கள். மத்தியானம் கிடை அங்கே போய் இறங்கியது.

தவசிலிங்கம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் வேலி. வேலிக்குள் மைனர். ஆயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

"வாங்கண்ணே," என்றார் பூவலிங்கம். "இன்னிக்குக் கிடை உங்க இடத்துல. கிடை போட்டா நிலத்துக்காரர்தானே சோறு போடணும்? வழக்கப்படி எங்களுக்குச் சாப்பாடு உங்க வீட்டுலதான்."

"அடப் பாவிகளா! நாயை என் வாசலுக்கே கொண்டு வந்துட்டீங்களாடா!"

"கால் டீச்சர் மண்ணுலதாண்ணே இருக்கு. குனிஞ்சு பாருங்க."

தவசிலிங்கம் குனியவில்லை. வேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார், ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்தார், மைனரைப் பிடித்துக்கொண்டு போக உள்ளே நுழைந்தார்.

"சந்து விழுந்துருச்சு!" என்று அலறினார் நிறைகுளத்தான். ஓடிப் போய் இழுத்துக் கட்டினார்.

இப்போது உள்ளே நாயும் தவசிலிங்கமும். மனுஷருக்குக் கனத்த உடம்பு, மூட்டுவலி வேறு. படலை ஏறித் தாண்ட முடியாது. முடிச்சோ வெளிப்பக்கம்.

"அவுத்து விடுங்கடா!"

"டீச்சர் என்ன ஆனாலும் திறக்கக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கண்ணே."

தவசிலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. "இந்த எழவெடுத்த படலை இப்பவே என் இடத்தை விட்டுத் தூக்குங்கடா!"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேரும் உடனே தூக்கினார்கள். நடந்தார்கள். பின்படல் முதுகில் இடிக்க இடிக்க, தவசிலிங்கமும் மைனரும் டீச்சர் மண் பாதையில் சேர்ந்து நடந்து, ரோட்டைத் தாண்டி, தோப்புக்குள் போனார்கள்.

கண் சீக்கிரம் தேறிவிட்டதால் டீச்சர் அன்றைக்கே கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். முதல் கேள்வி, "மைனர் எங்கே?"

"வேலிக்குள்ள பத்திரமா இருக்கு டீச்சர்," என்றார் காத்தமுத்து. "தவசியண்ணனும் பத்திரமா இருக்காரு."

டீச்சர் படல் இடுக்கில் எட்டிப் பார்த்தார். மைனர் குதித்துக் குதித்துக் குரைத்தது. டீச்சர் சந்தோஷத்தில் அழுதே விட்டார். "டாக்டர் அழக்கூடாதுன்னாரே," என்று துடைத்துக்கொண்டு, "முதல்ல அண்ணனை அவர் வீட்டுல கொண்டுபோய் விடுங்கப்பா," என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்து போடும் நேரமாயிற்று என்று வீட்டுக்குள் போய்ப் படுத்தார்.

நாலு பேரும் வேலியைத் தூக்கினார்கள். அண்ணனை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலியைத் திறக்கவில்லை.

"நாயை இங்கே ஏண்டா கொண்டு வந்தீங்க? திருப்பிக் கொண்டுபோங்கடா!" என்றார் தவசிலிங்கம்.

நாயைத் திருப்பித் தோப்புக்குக் கொண்டுபோனார்கள். கூடவே அவரும் போனார்.

"என்னை வீட்டுல விடுங்கடா!"

விட்டார்கள். கூடவே மைனரும் வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் ஆறு தடவை போய் வந்தார்கள். நாலாம் தடவை தவசிலிங்கத்தின் சம்சாரம் படலுக்கு மேலே தூக்குச்சட்டியை நீட்டினார். ஐந்தாம் தடவை அதிலிருந்த கோழிக்குழம்பை அவரும் மைனரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். ஆறாம் தடவை நடுரோட்டில் வந்துகொண்டிருக்கும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வந்து சடசடவென்று தூறல் விழுந்தது.

"அண்ணே, தோப்புக்குப் போகவா, பண்ணைக்குப் போகவா?" என்று வெளியிலிருந்து கேட்டார் வழிவிட்டான்.

உள்ளே தவசிலிங்கம் துண்டை உதறி மைனரின் முதுகில் போர்த்தினார்.

"எங்க வீட்டுக்கே விடுங்கடா, வெரசா நடங்க! பிள்ளை நனையுதுல்ல!"