பல்லக்கில் போன பல்

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டு அரசவையில் அன்று காலை இருந்தவர்கள் இவர்களே: அரசர் மாறவேள், அமைச்சர் பிரமராயர், வைத்தியர் அம்பலவர், அவை விகடன் கொன்றையன். அரசி நாகமங்கை இல்லை. கோபித்துக்கொண்டு பிறந்தகம் போயிருந்தாள்.

கோபத்துக்குக் காரணம் அரசரின் ஞானப்பல். "வலி இல்லாதபோதே பிடுங்கிவிடுங்கள்" என்று மழைக்காலம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். "அரசன் பல்லுக்குப் பெண்ணா நாள் குறிப்பது?" என்றார் அவர். மறுநாளே அவள் கிளம்பிவிட்டாள்.

இப்போது ஈறு வீங்கித் தாடை பூட்டிக்கொண்டது. யார் யாரோ உப்பு வெந்நீர் கொண்டுவந்தார்கள். ஒன்று சுட்டது, ஒன்று ஆறிப்போயிருந்தது. அவள் என்றால் தன் உதட்டில் வைத்துப் பார்த்துத் தருவாள். அரசரின் கண் வாசலிலேயே கிடந்தது. ஆனால் அழைப்பில்லாமல் மாமனார் வீட்டுப் படியை மிதிப்பது அந்த வமிசத்தில் வழக்கமில்லை.

"பொழுது சாய்வதற்குள் இந்தப் பல் என் அரண்மனையில் இருக்கக் கூடாது!" என்று பூட்டிய வாய்க்குள்ளிருந்தே உறுமினார்.

"வீக்கத்தோடு பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து, அரசே. முதலில் வடியட்டும்" என்றார் அம்பலவர்.

கொன்றையன்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த பிரமராயர் முந்திக்கொண்டார். "வைத்தியர் அஞ்சுகிறார். கொன்றையனிடம் விடுங்கள், அரசே. முடியாவிட்டால் தலையைக் கொடுக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்."

"உத்தரவு" என்ற கொன்றையன் வாசல் பக்கம் திரும்பினான். "பல்லக்கைக் கொண்டுவாருங்கள்!"

"எதற்கடா?" என்றார் அரசர்.

"பல்லை அரண்மனையிலிருந்து வெளியேற்றத்தான். பல்லோடு தாடை வருகிறது, தாடையோடு தாங்கள் வருகிறீர்கள். பிரிக்கச் சொல்லி உத்தரவில்லையே, அரசே."

அரசரின் குரல் தாழ்ந்தது. "பல் எந்த ஊருக்குப் போகிறது?"

"அரசியின் ஊருக்கு."

"அழைப்பில்லாமலா?" என்று சீறினார் பிரமராயர்.

"அழைப்பு அரசருக்கு அல்லவா வேண்டும், அமைச்சரே? பல்லுக்கு ஏது மாமனார் வீடு?"

அரசர் பல்லக்கில் ஏறி அமர்ந்துகொண்டார். அம்பலவரும் கூடவே நடந்தார்.

நாகமங்கை வாசலுக்கு வந்து வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். "வலிக்கிறதா?"

"பல்லுக்கு வலிக்கிறது" என்றார் அவர்.

அவள் உள்ளே போய் உப்பு வெந்நீர் கொண்டுவந்தாள். உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். அவருக்குக் கண் கலங்கியது.

வீக்கம் முழுக்க வடிந்தபின், அவள் குறித்த நாளில், அம்பலவர் பல்லைப் பிடுங்கினார்.

"உத்தரவை நிறைவேற்றிவிட்டேனா, அரசே?" என்றான் கொன்றையன். அரசர் வாயில் வைத்த பஞ்சு நழுவி விழச் சிரித்தார். அந்தப் பல்லக்கை அவனுக்கே கொடுத்தார். அது தெருவில் வரும்போதெல்லாம் பிரமராயர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

அரசர் மனைவியிடம் பணிந்து போனார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். போனது பல். அரசர் கூடவே இருந்தார், அவ்வளவுதான்.