பணியாரத்துக்கு மறுபடியும் மறுபடியும் அரிச்ச கதை

காலை ஆட்டாம படு. போர்வையை உதைச்சது போதும். அத்தை ஒரு தடவைதான் சொல்வேன், நடுவுல தண்ணி கேட்டா கதை நின்னுடும். ஒழுங்கா 'ம்' கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு கினி பிக் இருந்துச்சு. பேருதான் பிக்கு, பன்னி மாதிரியெல்லாம் இருக்காது. ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வச்சா அதுல அடங்கிடும். எலி ஜாதிதான், ஆனா வாலே கிடையாது. பழுப்பா உருண்டையா இருந்ததால பணியாரம்னு பேரு வச்சிருந்தா இலக்கியா. இலக்கியா நாலாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு. அவ அம்மா மேகலா தையல் கடையில வேலை பார்த்தாங்க. அப்பா செல்வகணபதி பஸ் கண்டக்டர். ஒரு நாள் முழுக்க டூட்டி, மறுநாள் முழுக்க லீவு. பணியாரத்தைக் கடையிலேருந்து வாங்கிட்டு வந்தது அம்மா. அப்பா அதைப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு. 'அந்த எலி'ம்பாரு. ம்?

அப்போ ஒரு நாள் காலையில கூண்டுக்குள்ள பரக் பரக், பரக் பரக்னு சத்தம். இலக்கியா ஓடிப் போய்ப் பார்த்தா, பணியாரம் பின்னங்காலால காதுக்குப் பின்னாடி சொறியுது, நிறுத்தவே மாட்டேங்குது. அந்த இடத்துல ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமா முடி கொட்டி, சிவந்து, செதில் செதிலா இருந்துச்சு. அம்மா சும்மா இருப்பாங்களா? வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு அப்பிட்டாங்க. பணியாரம் மஞ்சளா வீடெல்லாம் ஓடுச்சு, அரிப்பு மட்டும் போகல.

அப்புறம் மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அங்க ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாம் வரிசையில நிக்குது. டாக்டரம்மா அதுவரைக்கும் கினி பிக்குக்கு வைத்தியம் பார்த்ததே இல்ல. ஒரு தடியான புஸ்தகத்தை எடுத்து, கண்ணாடியை மூக்கு மேல ஏத்திக்கிட்டு, பக்கம் பக்கமா புரட்டிப் பார்த்துட்டு, இது படர்தாமரை, ஒட்டிக்கிற நோவுன்னாங்க. வீட்டுல வேற யாருக்காவது இப்படி வட்டமா அரிக்குதான்னு கேட்டாங்க. யாருக்கும் இல்லன்னு மூணு பேரும் சொன்னாங்க. அன்னைக்கு அது நெசம்தான்.

வெளிய வந்ததும் அப்பா ஒரு சட்டம் போட்டாரு. "வீட்டுல யாராவது ஒருத்தருக்கு ஒட்டிச்சுன்னா, அன்னைக்கே அந்த எலி கடைக்குத் திரும்பிப் போயிடும்."

ம் கொட்டு. தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்புறம் அம்மா கூண்டைக் கழுவி வெயில்ல காய வச்சாங்க, விரிச்ச துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில போட்டாங்க. வேளாவேளைக்கு ரெண்டு சொட்டு மருந்து வாயில விட்டாங்க, களிம்பு தடவினாங்க. முடி முளைச்சுது. கொய்யா இலையைக் காட்டினா வீக் வீக்னு கத்திக்கிட்டு ஓடி வந்துச்சு. எல்லாரும் அப்பாடான்னு உக்காந்தாங்க. இருபது நாள் தான். மறுபடியும் பரக் பரக்.

ரெண்டாவது தடவையும் ஆஸ்பத்திரி. ரெண்டாவது தடவையும் அதே கேள்வி. இந்தத் தடவை இலக்கியா சட்டைக் கையைக் கீழ இழுத்து விட்டுக்கிட்டா. ஏன் தெரியுமா? அவ முழங்கைக்கு உள்பக்கம் சின்னதா ஒரு வட்டம் வந்திருந்துச்சு. பணியாரம் தலையை வச்சுக்கிட்டுப் படுக்கிற இடம் அது. முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சு வச்சிருந்தா. ஸ்கூல்ல பெஞ்சுக்கு அடியில ஸ்கேலால சொறிவா, வீட்டுல பல்லைக் கடிச்சுக்குவா. சொன்னா பணியாரம் போயிடுமே. "இல்ல டாக்டர்"னு சொல்லிட்டா. அப்பா அவளை விடச் சத்தமா இல்லன்னாரு.

பாவம், அவ என்ன பண்ணுவா சொல்லு? எனக்கு அவ மேல கோவம் வரல. சட்டம் போட்டாரே, அவர் மேலதான் வருது.

அப்புறம் மறுபடியும் மருந்து, மறுபடியும் வெந்நீர், மறுபடியும் வெயில். ஆறிச்சு. இலக்கியா ஆசையா அள்ளி அதே முழங்கையில வச்சுக்கிட்டா. ஒரு மாசம் ஆகல, மூணாவது தடவையும் வந்துடுச்சு. இப்போ காதுல, மூக்குல, முதுகுல. பணியாரம் இளைச்சுப் போச்சு. கொய்யா இலையைக் கிட்ட கொண்டு போனாலும் மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு. வீக் வீக் இல்ல. இலக்கியாவுக்கு உக்கார முடியல, நிக்க முடியல. கூண்டுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தா. அப்பாவும் அன்னைக்கு அப்படித்தான். கண்டக்டர் பை வார் நெஞ்சுல உரசுதுன்னு சட்டைக்கு மேல தேய்ச்சுக்கிட்டே நடந்தாரு. ம்?

மறுபடியும் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பணியாரத்தைத் தராசுல வச்சுப் பார்த்துட்டு, மூணு பேரையும் நிமிர்ந்து பார்த்தாங்க. "மருந்துல குறை இல்ல, கூண்டும் சுத்தமாத்தான் இருக்கு. உங்கள்ல யாரோ ஒருத்தர்கிட்டேருந்துதான் இதுக்குத் திரும்பத் திரும்ப வருது. அந்த ஆளைச் சரி பண்ணாம நான் மருந்து கொடுத்துக்கிட்டே இருந்தா, இந்தச் சின்ன உடம்பு தாங்காது. செத்துப் போயிடும்."

பின்னாடி ஒரு ஆடு மேஏஏன்னுச்சு.

சொன்னா பணியாரம் கடைக்குப் போயிடும். சொல்லலைன்னா செத்துப் போயிடும். இலக்கியா சட்டைக் கையை மெதுவா மேல சுருட்டினா. வட்டம் அதுக்குள்ள தோசை மாதிரி படர்ந்திருந்துச்சு.

"எனக்குத்தான் டாக்டர். முதல் தடவைக்கு அப்புறமே வந்துடுச்சு." அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "கடைக்கே அனுப்பிடுங்கப்பா. ஆனா மருந்து கொடுத்து நல்லாக்கிட்டு அனுப்புங்க"ன்னா.

சொல்லிட்டு அழுதா. ஏங்கி ஏங்கி அழுதா, ஆடு வச்சிருந்தவரெல்லாம் எட்டிப் பார்க்கிற மாதிரி.

அப்போ அப்பா என்ன செஞ்சாரு? திட்டலை. காக்கிச் சட்டைப் பொத்தானை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கழட்டினாரு. பனியனை இழுத்துக் காட்டினாரு. நெஞ்சு நடுவுல வட்டம், அதுக்குப் பக்கத்துல இன்னொரு வட்டம், அதுக்குக் கீழ குட்டியா ஒண்ணு.

அம்மாவுக்குப் புரியவே இல்ல. தொடவே மாட்டாரே, இவருக்கு எப்படின்னு கேட்டாங்க. அவர் தரையைப் பார்த்துக்கிட்டு சொன்னாரு, லீவு நாள்ல நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் அதை எடுத்து நெஞ்சு மேல போட்டுக்கிட்டு டிவி பார்ப்பேன், குர்ருனு சத்தம் போடும், நல்லா இருக்கும்னு. அம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "இப்போ யாரையெல்லாம் கடைக்கு அனுப்பறது?"ன்னு கேட்டாங்க. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு, நீங்க ரெண்டு பேரும் மனுஷ டாக்டரைப் போய்ப் பாருங்க, பணியாரத்தோட சேர்த்து மூணு பேரும் ஒரே சமயத்துல மருந்து எடுக்கணும், ஆறினாலும் நிறுத்தக் கூடாது, ஆறு வாரத்துக்கு அதை மடியில வைக்கவே கூடாதுன்னாங்க.

ஆறு வாரம்! கூண்டுக்கு இந்தப் பக்கம் மக, அந்தப் பக்கம் அப்பா. கை பரபரங்குது, தொடக் கூடாது. அரிக்குது, சொறியக் கூடாது. அம்மா கையுறை மாட்டிக்கிட்டு அவங்க ரெண்டு பேரையும் அதட்டிக்கிட்டே பணியாரத்துக்கு மருந்து விட்டாங்க. முதல் வாரம் கொய்யா இலையில ஒரு ஓரம் கடிச்சுது. அடுத்த வாரம் முழு இலை. வீக் வீக் வந்துடுச்சு.

அப்போ ஒரு நாள் சாயங்காலம் அப்பா கூண்டுக்கு அந்தப் பக்கத்திலேருந்து கேட்டாரு. "ஏன்டா கண்ணு, என்கிட்ட சொல்றதுக்கு அவ்வளவு பயமா?"

"நீங்க போட்ட சட்டத்துக்குத்தான்பா பயந்தேன். நீங்க எதுக்குப் பயந்தீங்க?"

அவர் ஒரு கொய்யா இலையை எடுத்துக் கம்பி வழியா உள்ள நீட்டினாரு.

"நானும் அதுக்குத்தான்."

அதோட அந்தச் சட்டம் போச்சு. முடி முளைச்சுது, அப்புறம் கொட்டவே இல்ல.

ம் கொட்டலையே நீ... சரி, சரி. பணியாரம் சாப்பிட்டுச்சு, கதை தீர்ந்துடுச்சு, நீ தூங்கு.