முதுகு காட்டிய எழுத்துகள்

ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்துகள் அத்தனையும் குடியிருந்தன. எல்லாம் ஒட்டுப்பலகையில் வெட்டியவை. முன்பக்கம் எழுத்து, முதுகில் நீலச் சாயம். 'எழுத்தைச் சொல்லு' என்ற ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு அவைதாம் கூலியாட்கள்.

கிளாரா என்ற பெண் அவற்றைத் துடைத்து, முதுகு தெரியப் பலகையில் மாட்டுவாள். போட்டிக்கு வந்தவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஓர் எழுத்தைச் சொல்வார். அது இருந்தால் கிளாரா நடந்து போய்த் திருப்பிக் காட்டுவாள். மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடித்தால் பரிசு. திணறுகிறவர் சில புள்ளிகளைக் கொடுத்து ஓர் எழுத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படி இருபது வருஷம் ஓடியது. முதல் வருஷம் பரிசு ஒரு எவர்சில்வர் வாளி. அன்றைய சொற்கள் 'நீர்ப்பாசனம்', 'கூட்டுறவு' என்று இருந்தன. பிறகு வாளி மிக்சியானது, மிக்சி பிரிட்ஜானது, பிரிட்ஜ் காரானது. சொற்களோ 'அதிரடித் தள்ளுபடி'யில் வந்து நின்றன. நடத்துகிறவர்களும் மாறினார்கள். முதலில் வந்தவர் செய்தி வாசிப்பதுபோல் நின்றார். அடுத்தவர் ஜோக் சொன்னார். மூன்றாமவர் ஆடினார். இப்போது இருக்கும் நிரஞ்சன் மூன்றையும் ஒன்றாகச் செய்தார். மக்களின் அறிவு வளரட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். வளர்ந்தது வாளி மட்டும்தான்.

எழுத்துகளில் 'வே' என்பவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. காரணம் இருந்தது. அவனை வெட்டிய பலகை முன்பு ஒரு பொதுக்கூட்டத்து விளம்பரத் தட்டி. அவன் முதுகில் சாயத்துக்கு அடியில் ஒரு துண்டறிக்கை இன்னும் ஒட்டியிருந்தது: 'உழைப்பவர் உரிமைக் கூட்டம். சிறப்புரை: தோழர் மாசிலாமணி.' அவன் படித்த படிப்பெல்லாம் அதுதான். ஆனால் வரிக்கு வரி மனப்பாடம்.

ஒருநாள் தயாரிப்பாளர் வந்து, ஆயிரமாவது நிகழ்ச்சியிலிருந்து கண்ணாடித் திரை வருகிறது என்றார். எழுத்துகள் காயலான் கடைக்கு, கிளாரா வீட்டுக்கு.

அன்று பெட்டிக்குள் கூட்டம் நடந்தது. 'வே' எழுந்தான்.

"தோழர்களே! நாம் இல்லாமல் சொல் இல்லை. சொல் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை. வர்ற ஞாயிறு ஒருத்தனும் முகத்தைக் காட்டக் கூடாது. கிளாராக்கா திருப்பினா உடனே சுழன்று முதுகைக் காட்டணும். கிளாராக்காவுக்கு வேலை, நமக்குப் பலகை. ரெண்டும் கிடைக்கிறவரைக்கும் இதுதான்."

மூலையிலிருந்து 'ஙௌ' கொட்டாவி விட்டான். "அண்ணே, இருபது வருஷத்துல என்னை ஒருத்தனும் கூப்பிடலை. நான் சேர்ந்த நாள்லேருந்தே வேலைநிறுத்தத்துலதான் இருக்கேன்."

"அதுக்குப் பேரு வேலைநிறுத்தம் இல்லடா, வேலையில்லாத் திண்டாட்டம்!" என்றான் 'வே'.

சக்கரத்திடம் ஆதரவு கேட்டார்கள். "நான் சுத்தினாத்தான் இந்தக் கடையே ஓடுது. உங்களோட நான் ஏன் சேரணும்?" என்றது அது.

"நீ எங்கே சுத்துறே? உன்னைச் சுத்திவிடுறாங்க" என்றான் 'வே'.

கூட்டம் எப்போது கைதட்டணும் என்று எரிந்து காட்டுகிற, மேலே தொங்கிய கைதட்டல் விளக்கு இறங்கியே பேசவில்லை. "நான் எரிஞ்சாத்தான் கீழே இருக்கிறவங்களுக்குச் சந்தோஷம்னே தெரியுது. அப்படிப்பட்ட பொறுப்புல இருக்கேன். என்னை இதுல இழுக்காதீங்க."

கிளாரா ஈரத்துணியோடு வந்தபோது 'வே' பெருமையாகச் சொன்னான்: "அக்கா, உனக்காகப் போராடப் போறோம்!"

"எனக்காகவா?" அவள் அவன் முகத்தைத் துடைத்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

'வே'க்குச் சுருக்கென்றது. துண்டறிக்கையில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை.

"சரி, பண்றதைப் பண்ணுங்க. பொண்ணு நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் இந்த வேலை வேணும், அவ்வளவுதான்" என்றாள் அவள்.

ஞாயிறு வந்தது. நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு. போட்டிக்கு வந்த அம்மாள் "க" என்றார். கிளாரா திருப்பினாள். 'க' பம்பரமாய்ச் சுழன்று முதுகைக் காட்டினான். "த" என்றார். 'த'வும் அப்படியே. பலகை முழுக்க நீலம். நிரஞ்சனின் நெற்றி வியர்த்தது. 'வே' உள்ளுக்குள் முழங்கினான்.

அரை நிமிஷம்தான். நிரஞ்சன் ஒரு துள்ளு துள்ளினார்.

"நேயர்களே! உலகத்திலேயே முதன்முறையாக, எழுத்தே தெரியாத புதிர்! மௌனப் புதிர்!"

விளக்கு எரிந்தது. கூட்டம் கைதட்டியது. மறுநாள் நிலையத்தின் தொலைபேசிகள் ஓயவில்லை. இப்படி ஒரு விறுவிறுப்பை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்கள் மக்கள். தயாரிப்பாளர் கண்ணாடித் திரையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். இனி எல்லா வாரமும் மௌனப் புதிர்தான் என்றார்.

விடை நிரஞ்சனின் சட்டைப்பையில் ஒரு சீட்டில் இருக்கும். அவருக்குப் பிடித்தவர் எதைச் சொன்னாலும் அது 'கிட்டத்தட்ட' சரியாகிவிடும். எழுத்து வாங்குவதும் நின்றுவிடவில்லை. வாங்கியவருக்கு ஒரு நீல முதுகைச் சுட்டிக்காட்டி "இதோ, உங்க எழுத்து!" என்பார்கள். அவரும் மகிழ்ச்சியோடு தலையாட்டுவார்.

"ஜெயிச்சுட்டோம்! காயலான் கடை கிடையாது!" என்று எழுத்துகள் கூத்தாடின. முதுகு தெரிய அவற்றைப் பலகையோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியபோதும் ஒருவரும் முனகவில்லை.

தயாரிப்பாளர் கிளாராவிடம் சொன்னது 'வே'யின் காதில் விழுந்தது.

"திருப்பத்தான் ஒண்ணும் இல்லையேம்மா. நீ எதுக்கு?"

கிளாரா டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். போகிற வழியில் 'வே'யின் முதுகைத் தொட்டாள். "உங்களுக்காவது வேலை நிலைச்சுதே" என்றாள். குத்திப் பேசவில்லை. உண்மையாகவே சொன்னாள். அதுதான் அவனைச் சுட்டது.

"திரும்பவும் போராடணும். இந்தத் தடவை முகத்தைக் காட்டி!" என்றான் 'வே'.

"இப்ப நமக்கு என்ன குறை?" என்றான் 'க'.

"நிழலு இருக்கு, காத்தாடி இருக்கு" என்றான் 'த'.

மற்றவர்கள் தூங்குவதுபோல் இருந்தார்கள். வந்தவர்கள் ஆறே பேர். 'வே'யோடு ஏழு. எட்டாவதாக 'ஙௌ' வந்தான். அவர்கள் எழுதிக் காட்ட நினைத்ததில் அவனுக்கு இடம் இல்லை. "பரவாயில்லண்ணே, பழகிப்போச்சு. கம்பியை அவுக்கவாவது வர்றேன்" என்றான் அவன்.

ஆயிரமாவது நிகழ்ச்சி. மேடையில் ரிப்பன் கட்டிய கார் நின்றது. நிரஞ்சன் கூவினார்: "இன்றைய சிறப்புப் போட்டியாளர், தொழிற்சங்கத் தலைவர், மாசிலாமணி ஐயா!"

'வே'க்கு முதுகுச் சாயத்துக்கு அடியில் அந்தப் பெயர் சுட்டது. தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. ஆள் அவரேதான்!

"நம்ம ஆளு! அவர் வாயால ஒரு தடவை படிச்சாப் போதும். ஊரே கேட்கும்!" என்றான் 'வே'.

விளம்பர இடைவேளையில் எட்டுப் பேரும் கம்பியை முறுக்கி முறுக்கி அறுத்தார்கள். ஏழு பேர் இடம் மாறி நின்றார்கள். ஒளிபரப்பு திரும்பியதும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினார்கள். நீலப் பலகையின் நடுவே, அரங்கின் கடைக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு, இரண்டே சொற்கள் நின்றன:

கிளாரா வேண்டும்.

கூட்டம் விளக்கைப் பார்த்தது. விளக்கு எரியவில்லை. அதனால் என்ன நினைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நிரஞ்சன் சட்டைப்பையைத் தடவினார். அதில் அப்படி ஒரு சீட்டு இல்லை.

மாசிலாமணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பார்வை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெல்ல நடந்தது. உதடுகள் அசைந்தன. அவர் படித்துவிட்டார் என்பதை 'வே' கண்ணால் பார்த்தான்.

பிறகு அவர் பார்வை ரிப்பன் கட்டிய கார் பக்கம் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"சொல்லுங்க ஐயா, பத்து விநாடிதான் இருக்கு" என்றார் நிரஞ்சன்.

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணும் பிடிபடலையே தம்பி. ஒரு எழுத்து வாங்கிக்கலாமா?"