பை போனால் ஆள் போன மாதிரி

கோணக்குளத்தில் முட்டாள்களே கிடையாது. இருந்த மூன்று பேரும் அந்தச் சமயம் வெளிநாட்டில் இருந்தார்கள்.

மூவரும் கோமதியின் தாய்மாமன்கள். பெரிய மாமா ஆவுடையப்பன், நடு மாமா பேச்சிமுத்து, சின்ன மாமா உலகநாதன். வடக்கே ஒரு குளிர் நாட்டில் கோமதிக்கு எட்டு மாசம். கணவன் சிவனணைந்தானுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஏப்ரல் பிறந்தால்தான் கரைக்கு வருவான். பேறுகாலத்துக்கு வரவேண்டிய அம்மா, கிளம்பும் நேரம் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதனால் தன் தம்பிகள் மூன்று பேரையும் அனுப்பிவைத்தாள். உள்ளதைத்தானே அனுப்ப முடியும்.

விமான நிலையத்தில் அவர்களுக்கு மார்ச் பத்து வரை இருக்கலாம் என்று முத்திரை குத்தினார்கள். பிள்ளை பிறக்க டாக்டர் குறித்த நாள் மார்ச் இருபத்தைந்து. இவர்கள் கிளம்பிவிட்டால், வலி கண்ட நேரத்தில் ஆம்புலன்ஸ்காரனுக்குக் கதவைத் திறந்துவிடக்கூட அந்த வீட்டில் ஆள் இருக்காது. அதை நினைத்தால் கோமதிக்குத் தூக்கம் போய்விடும். மாமாக்களை நினைத்தாலும் தூக்கம் போய்விடும். ஆனாலும் ஆள் ஆள்தானே.

கப்பலிலிருந்து கணவன் போனில் விளக்கமாகச் சொன்னான். தங்கும் நாளை நீட்டிக்கச் சொல்லி முறைப்படி மனு கொடுக்கணும். பத்தாம் தேதிக்குள் மனு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், பதில் வரும்வரை சட்டப்படி இருக்கலாம். சேராவிட்டால் அன்றைக்கே விமானம் ஏறிவிடணும். மூவரும் தலையாட்டினார்கள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று கோமதி சொன்ன பிறகு இன்னும் பலமாக ஆட்டினார்கள்.

முதலில் போட்டோ. படத்தில் சிரிக்கக் கூடாது என்று விதி. நடு மாமாவுக்கோ கேமராவைக் கண்டால் பல் தானாக வெளியே வரும். சோகமானதை நினைத்தால் சிரிப்பு வராது என்று பெரிய மாமா யோசனை சொன்னார். மூவரும் செத்துப்போன அப்பாவை நினைத்தார்கள். நினைத்து, கட்டிப்பிடித்து அழுதார்கள். முகம் வீங்கிய மூன்று படங்களையும் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. மறுநாள் எடுத்தபோது, முந்தின நாள் அழுததை நினைத்துச் சிரித்துவிட்டார்கள். இப்படியே ஒரு வாரம் போனது. கடைசியில் தூங்கி எழுந்த கையோடு எடுத்தாள் கோமதி. அந்த நேரத்தில் முகத்தில் எதுவுமே இருக்காது. மற்ற நேரத்தில் தலைக்குள் எதுவும் இருக்காது.

அடுத்தது படிவம். மனு நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. "அழுவோம்னு போடுண்ணே," என்றார் சின்ன மாமா. பொய் சொல்லக் கூடாது என்று படிவத்திலேயே இருந்ததால் கோமதி அதை அப்படியே விட்டாள். அனுமதித்த நாள் முடிந்ததும் இந்த நாட்டை விட்டுப் போவீர்களா என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் வண்டி நின்றது.

"போவோம்னு எழுதுங்க மாமா," என்றாள் கோமதி.

பெரிய மாமா பேனாவை மூடி வைத்தார். "மாசமா இருக்க பிள்ள வீட்டுல உக்காந்துகிட்டு போறோம்னு எழுதச் சொல்லுதியா? நாக்கு அழுகிரும்."

"எழுதுறது கைதானே மாமா."

"கையும் அழுகும்."

ஒரு மணி நேரம் பேசி, "போயிட்டு வருவோம்" என்று எழுதினார்கள். வரவே கூடாது, அதுக்குத்தான் கேட்கிறான் என்று கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். போகிறவன் வராமல் எப்படி இருப்பான், அது செத்தவன் செய்கிற வேலை அல்லவா என்று மூவரும் அவளையே திருப்பிக் கேட்டார்கள். அப்படியே மொழிபெயர்த்து எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

போட்டோவில் ஒரு வாரம் போய்விட்டதா, ஆபீசில் மனுவைக் கொடுக்க ஒரே ஒரு நேரம்தான் மிச்சமிருந்தது. கடைசி நாள், மார்ச் பத்து, செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றேகால். அன்று காலை கோமதிக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. ஆபீஸ் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். முதல் நாளே கூட்டிப்போய் வாசலைக் காட்டினாள். மூன்று மணிக்கு அங்கே நில்லுங்கள், நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்துவிடுகிறேன், பாஸ்போர்ட்டும் மனுவும் பத்திரம் என்று சொல்லிவிட்டுக் காலையில் போனாள்.

அவள் கதவைச் சாத்தியதும் பெரிய மாமா பஞ்சாங்கத்தை எடுத்தார். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

"செவ்வாக்கிழமை மூணுல இருந்து நாலரை. சுத்த ராகு காலம்ல."

"இந்த ஊருக்கு ராகு வருமா அண்ணே? இங்க சூரியனே ஒழுங்கா வரமாட்டேங்கான்," என்றார் சின்ன மாமா.

"சூரியன் வராததுக்குக் காரணமே ராகுதாம்ல."

அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. ராகு காலத்தில் போனால் மனு விளங்காது. போகாவிட்டால் நாள் தாண்டிவிடும். மூவரும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசனை நடு மாமாவுக்குத்தான் வந்தது. ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்ப நல்ல நேரம் தோதுப்படாவிட்டால், நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் முன்னால் கொண்டுபோய் வேறொரு வாசலில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பேர். பை போனால் ஆள் போன மாதிரி. பிறகு ஆள் எந்தக் கெட்ட நேரத்தில் போனாலும் குற்றமில்லை.

பத்தரை மணிக்கு ஒரு மஞ்சள் பையில் எலுமிச்சம்பழம், விரலி மஞ்சள், ஒரு வேட்டி, கருப்பட்டி நாலு வட்டு போட்டார்கள். பத்திரம் என்று கோமதி சொல்லியிருந்ததால் மூன்று பாஸ்போர்ட்டையும் மூன்று மனுவையும் அடியில் வைத்து, சணல் கயிற்றால் பதினோரு சுற்றுச் சுற்றினார்கள். அரசாங்க ஆபீஸ் வாசலில் நடுநாயகமாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் பலிக்காது.

திரும்பிப் பார்த்திருந்தால், வாசல் காவலாளி அந்தப் பையை எப்படிப் பார்த்தான் என்று தெரிந்திருக்கும்.

இரண்டரைக்கு டாக்சியில் வந்த கோமதி தெரு முனையிலேயே இறக்கிவிடப்பட்டாள். நாலு பக்கமும் போலீஸ் நாடா கட்டியிருந்தது. ஆபீசில் இருந்த இருநூறு பேரும் குளிரில் வெளியே நடுங்கினார்கள். தெருவின் நடுவில் வெடிகுண்டு எடுக்கிற ஒரு சின்ன இயந்திர வண்டி, இரும்புக் கையை நீட்டி நீட்டி எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் ஒரு பெஞ்சில் மூன்று மாமாக்களும் நிலக்கடலை கொறித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"வா தாயி. அருமையான வேடிக்கை. நாங்களும் ரெண்டு மணியில இருந்து பாக்கோம்," என்றார் பெரிய மாமா.

"மனு எங்க மாமா?"

"அதைத்தான் அவிழ்த்துக்கிட்டு இருக்கான்."

மணி மூன்றேகால் ஆனது, நான்கு ஆனது. ஆபீஸ் திறக்கவில்லை. இன்று முத்திரை விழாவிட்டால் மாமாக்கள் மூவரும் விமானம் ஏறவேண்டும். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போகவேண்டும். வயிற்றில் ஒரு கை வைத்தபடி நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பிடிக்க வந்த போலீஸ்காரன் அவள் வயிற்றைப் பார்த்து நின்றுவிட்டான்.

பத்தாவது சுற்றில் இயந்திரம் தோற்றுப்போய், ஒரு மனிதன் கத்தியால் கயிற்றை அறுத்திருந்தான். கருப்பட்டியைத்தான் ரொம்பச் சந்தேகப்பட்டார்கள். கோமதி ஒரு துண்டு கடித்துத் தின்று காட்டவேண்டியிருந்தது. பிறகு நரைத்த முடி வைத்த ஓர் அதிகாரியம்மா வந்து, பையை ஏன் வைத்தீர்கள் என்று மாமாக்களைக் கேட்டாள்.

"பையை நாங்க வைக்கலயே. நாங்கதான் வந்தோம். பத்தரைக்கே வந்துட்டோம்," என்றார் நடு மாமா.

கோமதி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். பொய் சொல்லித் தப்பிக்க அவளுக்குத் தெம்பில்லை. அதிகாரியம்மா அவள் வயிற்றையும் மூன்று முகங்களையும் போட்டோக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் இருப்பதும் எதிரே நிற்பதும் அச்சாக ஒன்றாக இருந்தன. பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னாள். பையை எங்கள் காவலாளி பார்த்துப் பதிவு செய்தது பத்து ஐம்பத்திரண்டு. மனு உள்ளே இருந்திருக்கிறது. ஆகவே மனு இன்றைய தேதியில் வந்து சேர்ந்தது உண்மைதான்.

முத்திரை விழுந்தது. கோமதி அங்கேயே ஒரு பாடு அழுதாள். மாமாக்கள் அவளைத் தேற்றி, எல்லாம் நல்ல நேரம் செய்த வேலை என்று விளக்கினார்கள்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஏப்ரல் பதினொன்று வரை இருக்கலாம். இரண்டு நிபந்தனை. இனி எந்த அரசாங்க ஆபீஸ் வாசலிலும் பை வைக்க மாட்டோம் என்று மூவரும் எழுதித் தரவேண்டும். "போயிட்டு வருவோம்" என்ற பதில் திருப்தியாக இல்லாததால், கடைசி நாள் காலை அதிகாரியம்மாவே போன் செய்து, கிளம்பிவிட்டார்களா என்று கேட்பாள்.

மார்ச் இருபத்துநான்காம் தேதி மதியம் வலி கண்டது. மூன்று மாமாக்களும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்கப் போய் வாசலில் சிக்கிக்கொண்டார்கள். இருந்தாலும் கதவு திறந்தது. பெண் குழந்தை. ஏப்ரல் பிறந்ததும் சிவனணைந்தானும் வந்து சேர்ந்தான்.

ஏப்ரல் பதினொன்று சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு டாக்சி. பஞ்சாங்கத்தை ஒளித்து வைக்கக் கோமதிக்கு மறந்துபோயிற்று. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். மாமாக்கள் எழுதிக் கொடுத்த சத்தியத்தை மீறவில்லை. அரசாங்க வாசல் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வாசலில் மஞ்சள் பையை வைத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் பெட்டியெல்லாம் டாக்சியில் ஏறியாகிவிட்டது. சிவனணைந்தான் கீழே நின்று கையாட்டினான். மாமாக்கள் ஒரு காலில் செருப்பை மாட்டிய நேரம் அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் கிழவர். நல்ல மனிதர். யாரோ என் வாசலில் விட்டுப் போய்விட்டார்கள், உங்களுடையதாகத்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே மஞ்சள் பையை உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

மூவரும் பையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நிதானமாகச் செருப்பைக் கழற்றினார்கள்.

அந்நேரம் பார்த்து போன் அடித்தது. அதிகாரியம்மாதான். கோமதி போனைக் காதில் வைத்துக்கொண்டே மாமாக்கள் பக்கம் திரும்பி, கிளம்பியாச்சா என்று கேட்கிறாள் என்றாள்.

சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பெரிய மாமா, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு சொன்னார்:

"எழுதிக் கொடுத்தபடி போயிட்டு வந்தாச்சுன்னு சொல்லுளா."